தோள்மூட்டு நோவும் வைத்தியர் எழுதும் குறியீடும்



ஜேர்மனியில் சுகவீன விடுப்புப் பத்திரத்தின் உங்கள் பிரதியில் ‘எம் 25.51’ போன்ற குறியீடு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். வைத்தியர்களாகிய நாம் நோயைப் பதியும் முறை இது.

எம் 25.51 என்றால் தோள்மூட்டு நோவு. காரணத்தை அது சொல்லாது. தோள்மூட்டு இறுகி, கையை உயர்த்தவோ முதுகுப்பக்கம் கொண்டுபோகவோ முடியாத நோய்க்கு எம் 75.0. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்ப் பாதிப்புக்கு எம் 75.1. பின்னால் ‘ஜி’ இருந்தால் நோய் உறுதி. ‘வி’ இருந்தால் சந்தேகம் மட்டுமே, பயப்படாதீர்கள். ‘ஆர்’ வலது, ‘எல்’ இடது.

சமையலறையிலும் துப்புரவிலும் வேலை செய்யும் எம்மவர் சிலர், முதலாளி அறிந்துவிடுவார் என்று நோவை மறைக்கின்றனர். இக்குறியீடு முதலாளிக்குப் போவதில்லை. மருத்துவக் காப்புறுதிக்கே போகும்.

ஆகவே எப்போது தொடங்கியது, இரவில் நோகிறதா, நீரிழிவு உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் கூடுதலாக வரும். நீங்கள் சொன்னால்தான் நாம் சரியாகப் பரிசோதித்து, சரியான குறியீட்டை எழுதலாம்.

தோள் நோவுடன் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால், காத்திராமல் 112ஐ அழையுங்கள்.