‘குட்டி ஜப்பான்’: சிவகாசியின் பட்டப்பெயரும் ஊரார் மனமும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியைத் தமிழ்நாடு முழுவதும் ‘குட்டி ஜப்பான்’ என்கிறார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் வந்த பெயர் இது. கடைப் பலகையிலும் அரசியல் மேடையிலும் செய்தித்தாள் தலைப்பிலும் அது இன்றும் வழங்குகிறது. ஆனால் ஊருக்குள் அந்தப் பெயரை எல்லோரும் ஒரே மனதோடு கேட்பதில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குப் பெருமையாக இருப்பது அடுத்த வீட்டுக்கு வலியாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பெயர் வந்த வழியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் பெயரும் வெளியூர்ப் பெயரே

சிவகாசி என்ற பெயருக்கு ஒரு தலவரலாறு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் தென்காசியை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து சிவலிங்கம் ஒன்றைக் கொண்டுவந்தான். லிங்கத்தைச் சுமந்து வந்த பசு இந்த இடத்துக்கு வந்ததும் நகர மறுத்தது. லிங்கம் இங்கேயே பிரதிஷ்டை செய்யப்பட்டது. காசியின் சிவன் தங்கிய ஊர் சிவகாசி ஆயிற்று. ஊர் நடுவே இருக்கும் விசுவநாதர் கோயிலை வைத்து இக்கதை சொல்லப்படுகிறது.

கங்கைக் கரையின் பெயரைத் தாங்கிய ஊருக்குக் கங்கையின் வளம் கிடைக்கவில்லை. மழை குறைவு; வற்றாத ஆறு கிடையாது. கரிசல் மண்ணில் மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. மழை பொய்த்தால் சம்சாரிக்கும், அதாவது விவசாயிக்கும், கூலியாளுக்கும் வேலை இல்லை. வேளாண்மைக்குக் கேடாக இருந்த அதே வறண்ட காற்றுதான் பின்னாளில் தொழிலுக்கு வரமானது. மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காய வேண்டும். வெடிமருந்தில் ஈரம் ஏறக் கூடாது. அச்சடித்த தாள் சுருங்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஏற்ற வானிலை இங்கே இருந்தது.

கல்கத்தாவிலிருந்து வந்த தொழில்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வீடுகளில் அடுப்பு மூட்டிய தீக்குச்சிகளில் பெரும்பகுதி சுவீடனிலும் ஜப்பானிலும் செய்தவை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் தீப்பெட்டிகள் சந்தையை நிறைத்தன. 1922இல் தீப்பெட்டி இறக்குமதிக்கான தீர்வை உயர்ந்ததும், உள்நாட்டில் செய்தாலே லாபம் என்ற நிலை வந்தது.

அந்த வேளையில்தான் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். சில மாதங்கள் அங்கே தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றார்கள். திரும்பி வந்து 1923இல் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு இருவரும் தனித்தனியே நடத்திய தொழில்களில் ‘அணில்’, ‘காக்கா’ மார்க்குகள் பேர்பெற்றன. தொழில் கற்றவர்கள் உறவினருக்கும் ஊராருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். வியாபாரிகளிடம் ஏற்கெனவே இருந்த மகமை முறை, அதாவது லாபத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் வழக்கம், பள்ளிகளும் கல்லூரிகளும் எழத் துணை நின்றது.

தீப்பெட்டித் தொழிலில் கற்ற ரசாயனம் பட்டாசுக்கும் உதவியது. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்றுப் பட்டாசு செய்ய வழி வகுத்தன. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம், சரவெடி எனத் தொழில் விரிந்தது. இன்று நாட்டில் செய்யப்படும் பட்டாசில் சுமார் 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படுவதாகத் தொழில்துறையினர் கணக்குச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் ஒவ்வொரு பட்டாசுக் கட்டுக்கும் வண்ண லேபிள் வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் லேபிளோடு நிற்கவில்லை. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி என எல்லாம் அடித்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகவே தமிழ் வீடுகளின் பூஜை அறைக்குள் வந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது இன்றும் அச்சகங்களின் வழக்கம்.

பெயர் வந்த வகை

‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் சூட்டியவர் ஜவாஹர்லால் நேரு என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. ஊரின் சுறுசுறுப்பைக் கண்டு அவர் அப்படிப் பாராட்டினார் என்கிறார்கள். நேரு 1957இல் ஜப்பானுக்குச் சென்று வந்தவர். 1945இல் போரில் தரைமட்டமான அந்த நாடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கப்பலும் ரேடியோவும் செய்து விற்கும் நாடாக எழுந்து நின்றது. சுதந்திரம் பெற்ற புதிதில் இந்தியர்கள் வியந்து பார்த்த ஜப்பான் அதுதான். மண்ணில் வளம் குறைவு, மனிதர் உழைப்பு அதிகம் என்ற ஒப்புமை கரிசல் காட்டு ஊருக்கு அப்படியே பொருந்தியது.

‘குட்டி’ என்ற சொல் மட்டும் தமிழரின் சொல். தமிழில் குட்டி என்றால் சிறியது என்பதோடு செல்லமும் சேர்ந்தே வரும். நேரு தமிழில் பேசியவர் அல்லர். அவர் சொன்னதாக வழங்கும் பாராட்டைத் தமிழாக்கி, அதில் செல்லத்தையும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது ஊர்தான். தங்கள் ஊருக்கு யாரோ வைத்த பெயர் என்ற உறுத்தல் இல்லாமல், வீட்டுப் பெயர்போல அது நிலைத்ததற்கு இந்தச் சொல்லே காரணம்.

ஒப்புமை எங்கே நின்றுபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பான் இயந்திரத்தால் வளர்ந்தது. சிவகாசி நெடுங்காலம் கையாலேயே வளர்ந்தது. சிறு அளவில் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரியில் சலுகை இருந்ததால், ஒரு பெரிய ஆலைக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் எழுந்தன. வேலை ஆலைச் சுவரைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களின் திண்ணை வரை போனது. பள்ளம் வெட்டிய மெல்லிய கட்டையில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாக அடுக்கி, கட்டைமேல் கட்டை வைத்து இறுக்க வேண்டும். இறுக்கிய சட்டத்தை முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கி எடுப்பார்கள். காய்ந்த குச்சியைப் பெட்டிக்குள் அடைக்க வேறு கைகள். பெட்டி ஒட்ட வேறு கைகள். இந்தக் கைகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஆலை என்று யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘பட்டாசு ஆபீஸ்’ என்பதே ஊர் வழக்கு.

பெருமை

பெயரைப் பெருமையோடு சொல்பவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் வியாபாரிகளும் மூத்த தலைமுறையினரும். அவர்களுக்கு அது பஞ்சத்திலிருந்து மீண்ட கதையின் சுருக்கம். அரசு பெரிய ஆலை எதையும் கட்டித் தரவில்லை, அந்நிய முதலாளி யாரும் வரவில்லை, ஊர்க்காரர்களே தொழில் கற்று ஊருக்கே கற்றுக்கொடுத்தார்கள் என்ற எண்ணம் அந்தப் பெருமைக்குள் இருக்கிறது. இங்கே கை சும்மா இருக்காது என்பதைத் தங்கள் குணமாகவே அவர்கள் சொல்கிறார்கள்.

வெளியூரில் வாழும் சிவகாசிக்காரருக்கு இந்தப் பெயர் அறிமுகச் சீட்டு. எந்த ஊர் என்று கேட்பவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ‘குட்டி ஜப்பானா’ என்ற பதில் வரும். எந்த ஊரில் குடியிருந்தாலும், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் தன் ஊர்ப் பெயரைப் பார்க்க முடிகிற மகிழ்ச்சி வேறு ஊர்க்காரருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

வலி

அதே பெயரை ஊருக்கு எதிரான சாட்சியாக்கிய காலமும் வந்தது. 1970களிலும் 80களிலும் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இருந்தது நாடெங்கும் பேசப்பட்டது. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு குழந்தைகள் ஏறுவார்கள். இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’. பாராட்டாக வந்த பட்டம் கேள்வியாகத் திரும்பி நின்றது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அபாயமான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பள்ளிகள் பெருகின, ஆலைகளில் கண்காணிப்பு கூடியது, நிலைமை வெகுவாக மாறியது. ஆனால் அந்நாளில் குச்சி அடுக்கிய குழந்தைகள் இன்று நடுவயதைக் கடந்தவர்களாக அதே ஊரில் இருக்கிறார்கள். பள்ளி போகாத தங்கள் பிள்ளைப் பருவத்தின் மேல்தான் இந்தப் பெயர் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வலி விபத்து. பட்டாசு ஆபீஸில் வேலை அறைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு உண்டு. வெயில் ஏறுமுன்னே மருந்துக் கலவையை முடித்துவிடுவார்கள். உராய்வு ஒரு நொடிப் பொழுதில் உயிரைக் குடிக்கும் என்பதால், இரும்புக் கருவிக்கும் தரையில் சிந்தும் மருந்துக்கும் அஞ்சி நடக்க வேண்டிய வேலை அது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது இந்த ஒழுங்கு தளர்ந்தால் உயிர்கள் போகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்தின்போதும் ‘குட்டி ஜப்பானில் சோகம்’ என்று தலைப்பு வரும். உறவைப் பறிகொடுத்த வீட்டில் அந்தத் தலைப்பைப் படிப்பவர் மனதில் பெருமைக்கு இடமிருக்காது.

தொழிலாளியின் மனநிலை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அலுமினியத் தூள் படிந்து வெள்ளிபோல மின்னும் கையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு, அந்த வேலைதான் பிள்ளையைப் படிக்கவைக்கிறது. அந்த வேலைக்குப் பிள்ளை வரக் கூடாது என்பதற்காகவே அவள் படிக்கவைக்கிறாள். வேலை இருக்கிறதே என்ற நிம்மதியும், இந்த வேலையா என்ற அச்சமும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. ஜப்பானில் இருப்பதுபோன்ற கூலியும் பாதுகாப்பும் வந்தால் பெயர் முழுமையாகப் பொருந்தும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது நியாயமானது.

இன்றைய நிலை

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. வெடிக்கும் நேரமும் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. மாசைக் குறைக்க வந்த இந்தக் கட்டுப்பாடு, சரவெடி பின்னியே பிழைத்த குடும்பங்களின் அடுப்பில் கை வைத்தது. நகரங்களின் காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் ஊராருக்கு மறுப்பில்லை. ஆனால் வடநாட்டுப் புகைக்கெல்லாம் தங்கள் ஊரையே பழிக்கிறார்களே என்ற ஆதங்கம் உண்டு. லைட்டரால் தீப்பெட்டியும், கைப்பேசியால் காலண்டரும் டைரியும் விற்பனையில் சரிவைக் கண்டன. தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்களும் புகுந்துவிட்டன. அச்சகங்கள் பெட்டி அட்டை, பாடநூல் என்று வேறு வேலைகளுக்கு நகர்கின்றன. 2021இல் திருத்தங்கலோடு இணைந்து சிவகாசி மாநகராட்சியாக உயர்ந்தது.

ஊரின் இளைய தலைமுறையினர் பலர் பொறியியலும் கணினியும் படித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அவர்களுக்கு ‘குட்டி ஜப்பான்’ தாத்தா பாட்டியின் உழைப்பை நினைவூட்டும் பெயர். தங்கள் எதிர்காலத்தின் பெயர் அல்ல. ஆனாலும் பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வியாபாரி அதில் முயற்சியைப் பார்க்கிறார், தொழிலாளி தன் கையைப் பார்க்கிறார், பிள்ளைப் பருவத்தை இழந்தவர் தன் இழப்பைப் பார்க்கிறார். உழைப்புக்காக வந்த பட்டம் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த உழைப்பில் யாருடைய பங்கு எவ்வளவு, அதற்கு உரியது கிடைத்ததா என்பதில்தான் வேறுபாடு.