ஆவடி லோக்கல் எங்கே போய் நிற்கிறது, தெரியுமா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏறி தினமும் சென்ட்ரலுக்குப் போகிறவரா நீங்கள்? உங்கள் மின்சார ரயில் போய் நிற்கும் இடத்தின் பெயர் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’. மார்க்கெட் எங்கே என்று என்றைக்காவது தேடினீர்களா? தேடவே வேண்டாம், அதன் மேல்தான் நிற்கிறீர்கள்! மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்ட, 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம் அந்த மண்ணில்தான் இருந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் என்று கிடைக்காத பொருளில்லை. 1985 மே 30-ல் தீப்பிடித்து எல்லாம் போயிற்று.

எல்லாமுமா? இல்லை! சைன்போர்டு எழுதப் பட்டணம் வந்த கோட்டையூர்க்காரர் ஒருவர், ஓய்வு கிடைத்தால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில்தான் கிடப்பார். அவர்தான் ரோஜா முத்தையா! அவர் சேர்த்துவைத்த புத்தகங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கினாலும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே விட்டது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகம் அதில் பிறந்ததுதான்.

பழம்பொருள் சந்தைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? தெள்ளுப்பூச்சிச் சந்தை! பழைய மெத்தையோடு பூச்சியும் இலவசம் என்ற கிண்டல். அங்கே கிராமத்துக்குக் கிராமம், வீட்டுப் பரணைக் காலிசெய்து தெருவில் பரப்பி விற்கும் நாள் உண்டு. ஆனால் வியாபாரி அல்லாத ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் கடை போடக்கூடாதாம், சட்டமே இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்க்கட்டும்!

பிரான்சுக்கு விசா வேண்டும். பல்லாவரத்துக்கு? பூந்தமல்லியில் பஸ் ஏறினால் குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. இந்தப் பக்கம் மூடியில்லாத மிக்ஸி, அந்தப் பக்கம் மிக்ஸியில்லாத மூடி. டேபிள் ஃபேன், தையல் மிஷின், டிவி ரிமோட், ஒற்றை ஸ்க்ரூ, ரோஜாச் செடி, புறா, கோழிக்குஞ்சு, வாலாட்டும் நாய்க்குட்டி! பக்கத்திலேயே கத்திரிக்காய், கருவாடு. யார் வீட்டில் எதற்காகக் கழற்றினார்களோ, தேக்குக் கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். என்னைக் கேட்டால், மால் பத்து சுற்றினாலும் இந்த ஒரு தெருவுக்கு ஈடாகாது.

சந்தையே ஊர்விட்டு ஊர் வந்த கதை தெரியுமா? கொரோனா காலத்தில், 2020 மே மாதம், கோயம்பேடு காய்கறி மொத்தச் சந்தை அப்படியே பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குக் குடிவந்தது. மழை பெய்தால் சேறு, சேற்றில் லாரி. செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு திரும்பியது.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லாமலே பேரம் முடியும், தெரியுமா? துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தால் விலை! பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

ஊருக்கே கிழமையின் பெயர் வந்த கதையும் உண்டு. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை. ஆவடி தாண்டி, வேப்பம்பட்டுக்கு அடுத்து உங்கள் ரயில் நிற்கும் ஸ்டேஷன் பெயர் என்ன? செவ்வாய்ப்பேட்டை ரோடு!

வருகிற வெள்ளிக்கிழமை பல்லாவரம் போவதானால், வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். துணிப்பையும் சில்லறையும் கையோடு இருக்கட்டும். மிக்ஸி வாங்கினால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். மூடி மட்டும் உபயோகத்தில் இருக்கிறது.