டோக்கன் கணக்கில் தமிழ்

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பாடக் குறிப்பைச் சுருக்கித் தரும்படி ஏஐ செயலியிடம் கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் முழுப் பாடத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதே பாடத்தைத் தமிழில் கொடுத்தால் பாதியிலேயே அளவு மீறிவிட்டது என்கிறது. ஏன்?’

எல்லா மொழியும் தெரியும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பேசாமல் தாண்டிப் போகிற இடம் இது. செயற்கை நுண்ணறிவு என்றதும் மூளை, சிந்தனை, வேலையிழப்பு என்று பேசுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் நடப்பது வெறும் வெட்டும் வேலை. மொழிபெயர்ப்போ, குறிப்புச் சுருக்கமோ, நேர்காணலுக்கான ஒத்திகையோ, நாம் தட்டும் எழுத்து அப்படியே உள்ளே போவதில்லை. துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஓர் எண்ணாகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் டோக்கன். அளவு வரம்பும் கட்டணமும் அதை வைத்துத்தான்.

எங்கே வெட்டுவது? 1994-இல் பிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்க ஒரு வழி சொன்னார். 2016-இல் ரிக்கோ சென்ரிச் குழுவினர் அதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும், வழியைப் பார்ப்போம். மலையளவு உரையை எடுத்து, எந்த இரண்டு குறிகள் அதிக முறை அடுத்தடுத்து வருகின்றன என்று எண்ண வேண்டும். அந்த ஜோடியை ஒட்டி ஒரே துண்டாக்க வேண்டும். மறுபடி எண்ணி, மறுபடி ஒட்ட வேண்டும். பல்லாயிரம் முறை இதையே செய்தால், இலக்கணம் யாரும் சொல்லித்தராமலே ஆங்கிலத்தின் விகுதிகளும் முழுச் சொற்களும் தாமாகத் திரண்டு வருகின்றன. எண்ணுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒன்றுக்கு இது கைகூடுவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மளிகைக் கடைக்காரரும் இதைத்தான் செய்கிறார். அதிகம் போகிற சர்க்கரையை ஒரு கிலோ, அரை கிலோ என்று முன்கூட்டியே கட்டி வைப்பார். எப்போதோ ஒருவர் கேட்கும் திப்பிலியை அப்போதைக்கு நிறுத்து மடிப்பார். அலமாரியோ அளவானது. 2019-இல் வந்த ஜிபிடி-2 என்ற ஏஐ அமைப்புக்கு 50,257 வகைப் பொட்டலங்கள்தான். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலக்காரர்கள் என்பதால் அலமாரி அவர்கள் சரக்கால் நிறைந்துவிட்டது. நாம் போய் நின்றால் சிட்டிகை சிட்டிகையாக மடித்துத் தருகிறார். இந்தக் கடையில் பில் போடுவது எடைக்கு அல்ல, பொட்டலத்தின் எண்ணிக்கைக்கு. பை நிரம்புவதும் அதே கணக்கில்தான்.

சிட்டிகை எவ்வளவு சிறியது? யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆக 15 பைட். ஒட்டுவதற்குப் போதிய தமிழ் உரை இல்லாவிட்டால், இந்தப் பைட்டுகள் ஒன்றுசேராமல் ஒரு சொல்லே பல டோக்கன்களாகச் சிதறும். ஒரே செய்திக்கு மொழிக்கு மொழி 15 மடங்கு வரை டோக்கன் வேறுபடுவதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

2024-இல் ஜிபிடி-4ஓ வந்தபோது அலமாரி ஏறக்குறைய இரண்டு லட்சமாக விரிந்தது. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய மாதிரி உரையில், தமிழுக்கு 116 டோக்கன் ஆனது 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் 27 ஆனது 24. நல்ல முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த மாதிரி ஓர் அறிமுக வணக்கம் மட்டுமே. புணர்ச்சியும் கலைச்சொல்லும் நிறைந்த பாடநூல் நடைக்கு அதே விகிதம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. டோக்கன் குறைந்ததால் தமிழறிவு கூடிவிட்டது என்பதும் இல்லை. இடமும் செலவும்தான் மிச்சம். நீண்ட தமிழ்ப் பாடத்தை இயல் இயலாகப் பிரித்துக் கொடுப்பதே இப்போதைக்கு நல்லது.

தமிழ் இலக்கிய மாணவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்குக் கிடைப்பது துண்டின் எண். அதற்குள் இருக்கும் எழுத்துகள் நேரடியாகக் கிடைப்பதில்லை. அதனால் எழுத்தை எண்ணச் சொன்னாலே அது தடுமாறக்கூடும். வெண்பாவை அலகிடக் கொடுத்தால் நேரசை, நிரையசை என்று தயங்காமல் எழுதித் தள்ளும். அந்த விடையை அப்படியே தேர்வுத் தாளுக்குக் கொண்டுபோகாதீர்கள். குறில், நெடில், ஒற்று பார்த்து ஒவ்வொரு சீரையும் நீங்களே பிரித்துச் சரிபாருங்கள்.