பிரிந்து செல்லும் உரிமையும் பதினாறாவது திருத்தமும்

இந்திய ஒன்றியத்தினின்றும் ஒரு மாநிலம் சட்டப்படி விலக இயலுமா? இயலாது என்பதே விடை. நம் அரசியலமைப்பின் முதற்கூறு இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்கிறது. அச்சொல்லாட்சிக்கு டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் விளக்கமளித்தார். மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து உண்டாக்கிய கூட்டாட்சி அன்று இது. ஆதலின் விலகும் உரிமை எதற்கும் இல்லை என்றார்.

அவ்வாறாயின் 1963ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் எதனைப் பறித்தது? பிரிவினை உரிமையை என்று மாணவர் பலர் எழுதுவதுண்டு. இல்லாத ஒன்றைப் பறித்தல் எங்ஙனம்? அது தொட்டது பேச்சுரிமையை. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் பொருட்டு அவ்வுரிமைக்கு வரம்பிட வழிசெய்தது. தேர்தலில் நிற்போர் அவற்றைக் காப்பதாக உறுதிகூற வேண்டும் எனவும் விதித்தது.

1962இல் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக வாதாடிய அறிஞர் அண்ணா, சீனப் படையெடுப்பிற்குப்பின், 1963இல் அக்கோரிக்கையைக் கைவிட்டார். அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்றும் சொன்னார். 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் அவர் நின்று வென்றது அவ்வுறுதிமொழியை ஏற்றே.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998இல் கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய இயலாதெனினும், தெளிவான வினாவுக்கு மக்கள் தெளிவான பெரும்பான்மையுடன் இசைந்தால் ஏனையோர் பேச்சு நடத்தக் கடமைப்பட்டவர் என்றது. நம் சட்டத்தில் அத்தகைய வாயில் இல்லை. அண்ணா சுட்டிய காரணங்கள் வேறு வழி தேடின: 1969இல் தமிழக அரசு அமைத்த இராஜமன்னார் குழு, 1971இல் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டிப் பரிந்துரை அளித்தது.