‘பார்மட்’ போடும் முன்…

அப்டேட்டுக்குப் பிறகு கண் திறக்காத பழைய கம்ப்யூட்டரை எப்படி அணுகுவது?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை முடிந்து புதன், வியாழன் வந்தால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே மாதிரியான புலம்பல் கேட்கும். “நேத்து ராத்திரி அப்டேட் கேட்டுச்சு, சரின்னு கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலைல பார்த்தா உள்ளேயே போக மாட்டேங்குது!”

கிழமைக்குக் காரணம் உண்டு. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாயன்று மொத்தமாக வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமாக இருந்தால் 11.30. நாம் தூங்கும் நேரத்தில் வந்து இறங்கி, மறுநாள் கடை திறக்கும்போது தன் வேலையைக் காட்டும்.

இப்படி வந்து சேரும் கம்ப்யூட்டர்களில் பல, பத்து வயதைத் தாண்டிய டெஸ்க்டாப்கள். புதிதாக வாங்கக் காசில்லாமல் மட்டும் யாரும் அவற்றை வைத்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது. 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் கோத்து வைத்த ஃபைல்களும், யுனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்களும் அந்த ஒரு சிஸ்டத்தில்தான் ஒழுங்காகத் திறக்கும். மொத்த வியாபாரக் கடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பல வருடத்து டேலி கணக்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அப்படிப்பட்ட சிஸ்டத்தைக் கொண்டுபோனால் சில கடைகளில் கேபினெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “ஓ.எஸ். போயிடுச்சு சார், பார்மட் போட்டுடலாம்.” அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்காத கம்ப்யூட்டருக்குப் பார்மட் என்பது கடைசி மருந்து. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது எந்தப் படியில் நிற்கிறது?

பழி யார் மேல்?

அப்டேட் முடிந்த கையோடு சிஸ்டம் நின்றுவிட்டால் பழியை அப்டேட் மேல் போடுவது இயல்பு. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பழைய டெஸ்க்டாப்களில் பல முறை நடப்பது வேறு.

விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதி டிஸ்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவது ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கும்போதுதான். ஆகவே தினமும் அணைத்து ஆன் செய்கிற கம்ப்யூட்டர்கூட வாரக் கணக்கில் முழுமையாகப் பூட் ஆகாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கேட்கும் அன்றைக்குத்தான் அதற்கு உண்மையான சோதனை.

அப்டேட் என்பது ஹார்ட் டிஸ்குக்கும் பெரிய வேலை. ஆயிரக்கணக்கான ஃபைல்களை விரித்து, பழையதை எடுத்து வைத்து, புதியதை எழுத வேண்டும். வழக்கமாக ஒரு பில் போடவும் ஒரு கடிதம் அடிக்கவும் மட்டுமே சுழன்ற டிஸ்க், அன்று இதுவரை தொடாத மூலைகளையெல்லாம் தொடும். அங்கே பேட் செக்டார் இருந்தால் அன்றுதான் வெளியே தெரியும். சமதரையில் ஓடிக்கொண்டிருந்த பழைய பேருந்து மலைப்பாதையில் நின்றால், குறை மலையிலா இருக்கிறது?

மூன்றாவது எதிரி, அவசரம். திரையில் சதவீதம் 30-லேயே நிற்கிறது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பவர்கள் ஏராளம். எஸ்.எஸ்.டி. இல்லாத பழைய சிஸ்டத்தில் ஒரு பெரிய அப்டேட் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கேபினெட் முகப்பில் ஹார்ட் டிஸ்குக்கென ஒரு சிறிய விளக்கு இருக்கும். அது மின்னிக்கொண்டிருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். கை வைக்காமல் இருப்பது நல்லது. யு.பி.எஸ். பேட்டரி வலுவில்லாத இடத்தில், கரண்ட் போகும் நேரம் பார்த்து அப்டேட் கொடுப்பதும் இதே ஆபத்துதான்.

நாலு படிகள்

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரியும்வரை ஒரு கம்ப்யூட்டர் நாலு படிகளைத் தாண்டுகிறது. எதில் நின்றதோ அதில்தான் கோளாறைத் தேட வேண்டும்.

முதல் படி, மின்சாரம். ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பவர் கார்டு, யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்சாரத்தை வடித்த பிறகு ஆன் செய்து பார்க்கலாம். சில சிஸ்டம்கள் அதிலேயே எழுந்துவிடும்.

இரண்டாம் படி, பயாஸ் தன் பாகங்களைச் சரிபார்க்கும் நேரம். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. நீளமான பீப் விட்டுவிட்டு ஒலிக்கிறது என்றால் முதல் சந்தேகம் ராம் மீது. கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசியைத் தட்டி மறுபடி பொருத்துவது நம்மூர் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். பல நேரம் அது போதும்.

மூன்றாம் படி, பயாஸ் டிஸ்கைத் தேடி விண்டோஸின் கையில் பொறுப்பை ஒப்படைப்பது. கருப்புத் திரையில் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ அல்லது ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வந்தால் தடங்கல் இங்கே. முதலில் செருகி மறந்துபோன பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் பூட் டிஸ்க் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் டேட்டா கேபிளோ டிஸ்கோ பழுது.

நாலாம் படி, விண்டோஸ் லோகோ. லோகோ வந்து புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, நீலத்திரை வந்தாலோ, ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று சொல்லிச் சொல்லியே ரீஸ்டார்ட் ஆனாலோ, அப்டேட்டை விசாரிக்க வேண்டிய இடம் இதுதான். அப்போதும் முழுப் பழியையும் அதன் மேல் போட்டுவிட முடியாது.

நாணய அளவு பேட்டரி

அந்த டிடிபி கடைக்காரர் சனிக்கிழமை மாலை அப்டேட் கொடுத்து, அது முடிந்து அணைந்ததும் வழக்கத்துக்கு மாறாக யு.பி.எஸ்.ஸையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வந்து ஆன் செய்தால் நீலத்திரை. ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்றது.

“தம்பி, அப்டேட் கவுத்துடுச்சு. பார்மட் போட்டாலும் பரவாயில்ல, ஃபான்ட்டை மட்டும் பத்திரமா எடுத்துக் கொடுத்துடுப்பா.”

“இருங்கண்ணே. தேதி என்ன காட்டுதுன்னு முதல்ல பாப்போம்.”

பயாஸில் தேதி 2010, ஜனவரி 1 என்று இருந்தது. மெக்கானிக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மதர்போர்டின் மூலையில் நாணய அளவில் வட்டமாக ஒரு பேட்டரி: சி.ஆர். 2032. மூன்று வோல்ட் காட்ட வேண்டியது, மீட்டரில் இரண்டைக்கூடத் தொடவில்லை.

கம்ப்யூட்டருக்கு மின் இணைப்பு இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். வழியாக மதர்போர்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. சுவிட்சை அணைத்துவிட்டால் நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது பேட்டரியின் பொறுப்பு. அது செத்துப்போய் இரண்டு நாள் மின்சாரமும் இல்லாததால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பியிருந்தது. டிஸ்கைப் படிக்கும் முறை ‘ஏஹெச்சிஐ’யிலிருந்து ‘ஐடிஇ’க்கு மாறிவிட்டது. முதல் முறையில் நிறுவப்பட்ட விண்டோஸுக்குத் தன் டிஸ்கையே அடையாளம் தெரியவில்லை.

புதுப் பேட்டரி போட்டு, அந்த ஒரு செட்டிங்கை மாற்றி வைத்ததும் சிஸ்டம் எழுந்தது. ஒரு ஃபான்ட்கூடப் போகவில்லை.

அப்டேட்டே குற்றவாளியான நாட்கள்

மறுபக்கமும் உண்டு. 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற பிராசசர் ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது, மைக்ரோசாப்ட் அவசரமாக ஓர் அப்டேட்டை வெளியிட்டது. பழைய ஏஎம்டி ஆத்லான் வகைப் பிராசசர் கொண்ட கம்ப்யூட்டர்கள் பல, அதைப் போட்டதும் லோகோவிலேயே உறைந்து நின்றன. ஒரு வாரத்துக்குள் அந்த வகைக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட்டை நிறுத்தி, அதே மாதத்தில் திருத்திய அப்டேட் தர வேண்டியதாயிற்று. ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லை. உரிமையாளரும் எதையும் கெடுக்கவில்லை.

2024 ஜூலை 19 இன்னும் பெரிய பாடம். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட் ஒன்று, மைக்ரோசாப்ட் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான தீர்வு என்ன? சேஃப் மோடில் நுழைந்து குறிப்பிட்ட ஒரு ஃபைலை அழிப்பது. நின்றுபோன அத்தனை கம்ப்யூட்டர்களையும் பார்மட் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஃபைல், பிறகு பூட்

எந்தப் படியில் கோளாறு இருந்தாலும், பழுதுபார்க்கும் முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும். “டி டிரைவ்ல இருக்கு, பயமில்லை” என்பது பலரின் நம்பிக்கை. சி டிரைவைப் பார்மட் போட்டால் டி டிரைவ் தப்பும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான சிஸ்டம்களில் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்கே பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் போகும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில் இருப்பவை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் தவித்தால், அடுத்த முறை தானாகவே ரிக்கவரி திரைக்குக் கொண்டுபோகும். அங்கே ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகக் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’டைத் திறந்து ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் டிஸ்கில் இருப்பதெல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகிய பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். அந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும்; உங்கள் சி, அங்கே டி என்று தெரிந்தால் பதற வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் செய்தும் இதே வேலையை முடிக்கலாம்.

டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயலாமல் அணைத்துவிடுங்கள். ஃபைலை எடுக்கும் முன் ‘செக் டிஸ்க்’ ஓட்டுவதும் வேண்டாம். தள்ளாடும் டிஸ்கை அது மேலும் வதைக்கும்.

ஃபைல் பத்திரமான பிறகு அதே ரிக்கவரி திரையில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மாதாந்தர அப்டேட்டையும் பெரிய பதிப்பு மாற்றத்தையும் அங்கே தனித்தனியாக நீக்க முடியும். பதிப்பு மாற்றத்தைத் திரும்பப் பெறப் பொதுவாகப் பத்து நாள்தான் அவகாசம். அது பலிக்காவிட்டால் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, பிறகு ‘சிஸ்டம் ரெஸ்டோர்’, பிறகு சேஃப் மோட். இவையெல்லாம் கைவிட்ட பிறகு வரட்டும் பார்மட்.

ஏற முடியாத பதிப்பு

சில நேரம் கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை, அப்டேட்டிலும் கோளாறு இல்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் கோர் 2 டுவோ காலத்து சிஸ்டங்களில் ஏற்றியவர்கள் உண்டு. 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பு, ‘பாப்கவுண்ட்’, ‘எஸ்எஸ்இ 4.2’ என்ற பிராசசர் கட்டளைகள் இருந்தால்தான் பூட் ஆகும். கோர் 2 டுவோவில் அவை கிடையாது. எத்தனை முறை பார்மட் போட்டாலும் அந்தப் பதிப்பு அதில் எழாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பேஜ்மேக்கருக்காகவோ பழைய பிரிண்டருக்காகவோ சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள், அதை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மெயில் பார்க்கவும் பேங்க் வேலைக்கும் மட்டுமே என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று பழைய சிஸ்டத்திலும் தாராளமாக ஓடும். இரண்டையும் ஒரே சிஸ்டத்தில் செய்வதுதான் இனி ஆபத்து.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. சர்வீஸ் கடைக்கே கொண்டுபோங்கள். ஆனால் கேபினெட்டை மேஜைமேல் வைத்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “எந்தப் படியில நிக்குது?”, “ஃபைலையெல்லாம் காப்பி எடுத்துட்டீங்களா?” இரண்டுக்கும் தெளிவாகப் பதில் வராத இடத்தில் பார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.