கடல் கடந்த முன்னோரைத் தேடுதல்

அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. அதனைத் தொடர்ந்த கொடும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர், பெருந்தொகையினர் கப்பலேறினர். அவர்தம் வழிவந்தோர் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு முன்னோரின் பிறந்த ஊரைத் தேடுகின்றனர். பலர் கையில் இருப்பது ஓர் ஆள் பெயரும் ஒரு மாவட்டப் பெயருமே. கார்க் மாவட்டத்தில் 'ஜான் மர்பி' என்று அழைத்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பர்!

ஆகவே முதலில் வேண்டுவது 'டவுன்லாண்டு' என்னும் சிறு நிலப்பிரிவின் பெயர். இவை அந்நாட்டில் 60,000-க்கும் மேல் உண்டு. அப்பெயரைக் குடியேறிய நாட்டிலேயே, கல்லறைக் கற்களிலும் தேவாலயத் திருமண ஏடுகளிலும் தேடுதல் நன்று என்பது என் துணிபு. பாஸ்டன் நகரத்துப் 'பைலட்' என்னும் கத்தோலிக்க இதழ், பிரிந்த உறவினரைத் தேடுவோரின் விளம்பரங்களை 1831 முதல் 1921 வரை வெளியிட்டது. அண்ணனைத் தேடிய தம்பி அன்று குறித்த ஊர்ப்பெயர், இன்று கொள்ளுப்பேரனுக்கு வழிகாட்டுகிறது.

ஊர் தெரிந்த பின்னரும் இடர் உண்டு. 1861, 1871 குடிமதிப்பு ஏடுகளை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளுள் பெரும்பாலானவை, 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவணக் களரி தீக்கிரையானபோது சாம்பலாயின.

ஆயினும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் 70 வயது எய்திய வறியோர்க்கு ஓய்வூதியம் வகுத்தது. வயதுக்குச் சான்று ஏது? எல்லார் பிறப்பையும் பதியும் முறை 1864-இல்தான் வந்தது. எனவே முதியோர் 1841, 1851 ஏடுகளில் தம் குடும்பத்தைத் தேடித் தருமாறு விண்ணப்பித்தனர். பள்ளிச் சேர்க்கையின்போது பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும் பெற்றோரையே கண்டவன் நான். வயது கூடியிருக்க வேண்டுமென ஏங்கியோர் இவர்களே போலும்! எழுத்தர்கள் படியெடுத்த அக்குறிப்புகள் எஞ்சியுள்ளன. சிலவற்றில் பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரின் பெயரும் வயதும் காணப்படுகின்றன. ஊரிலேயே தங்கிய தங்கை ஓய்வூதியம் கேட்டதன் பயனாக, கப்பலேறிய அண்ணனின் பெயர் அங்கே அகப்படுவதும் உண்டு. அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இக்குறிப்புகளை இன்று கட்டணமின்றிப் பார்வையிடலாம்.