பட்டம் ஏறினால்தான் குரல் கேட்கும்

மாணவர்களே, புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை பட்டாணியில் ஒரு காலத்தில் போர் விமானத் தளம் இருந்தது தெரியுமா? 1941 டிசம்பர் 8 காலையில் ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிய ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி, படுகாயத்தோடு திரும்பி அலோர் ஸ்டாரில் விமானத்தைத் தரையிறக்கினார். அவர் இறந்துபோனார், உடன் வந்த இருவரும் பிழைத்தார்கள். கீழே நிலம் இருந்தது, உதவிக்கு ஆள் வந்தது. நடுக்கடலாக இருந்திருந்தால்?

அதற்காகவே ஒரு வானொலிப் பெட்டி வந்தது. ஜெர்மானியர்கள் செய்ததைப் பிரிட்டிஷார் கைப்பற்றி, அதேபோல் ஒன்று செய்தார்கள். அமெரிக்கர்கள் செய்த பெட்டியின் பெயர் எஸ்.சி.ஆர்.-578. மஞ்சள் நிறம், நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். அதனால் செல்லப்பெயர் 'கிப்சன் கேர்ள்', அதாவது ஓவியர் கிப்சன் வரைந்த மெல்லிடைப் பெண். அந்த இடுப்பு அழகுக்காக அல்ல. ஆடும் ரப்பர் படகில் பெட்டி நழுவாமல் தொடைகளுக்கு இடையே இறுக்கிக்கொள்வதற்காக.

பேட்டரி கிடையாது. மேலே உள்ள கைப்பிடியை நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 தடவை சுற்ற வேண்டும். உள்ளே மின்னாக்கி சுழலும். நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். மோர்ஸ் குறி தெரியாதவரும் சுற்றலாம், எஸ்.ஓ.எஸ். தானாகவே போகும். வெளியேறும் ஆற்றல் சுமார் 5 வாட், ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கின் அளவுதான்!

சிக்கல் வேறு இடத்தில். கப்பல்கள் ஆபத்துக் குரலுக்குக் காது கொடுத்த அதிர்வெண் 500 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு மணியிலும் 15ஆம், 45ஆம் நிமிடங்களில் தொடங்கி மூன்று நிமிடம் மற்ற எல்லாரும் அதில் வாயை மூடிக்கொள்வார்கள், மெல்லிய குரலும் கேட்கட்டும் என்று. (நம் வகுப்பிலும் இந்த வழக்கம் வந்தால் நன்றாக இருக்கும்.)

இப்போது கணக்கு. வேகம் = அதிர்வெண் × அலைநீளம். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 5 லட்சத்தால் வகுத்தால் 600 மீட்டர். நேராக நிற்கும் ஏரியல் நன்றாக வேலை செய்ய அதில் கால் பங்காவது, 150 மீட்டர், இருந்தால் நல்லது. படகில் அவ்வளவு உயரக் கம்பத்தை எங்கே நடுவது? அதனால்தான் பெட்டியோடு ஒரு பட்டம் கொடுத்தார்கள். வாவ் போல அகன்றதல்ல, கூண்டு வடிவம். அதன் கயிறே ஏரியல்: சுமார் 90 மீட்டர் உலோகக் கம்பி. காற்று இல்லாவிட்டால் பலூன். ரசாயனம் அடைத்த குப்பியைத் தண்ணீரில் முக்கினால் ஹைட்ரஜன் வரும், அதை நிரப்பி ஏற்ற வேண்டும். பட்டம் ஏறிவிட்டால் அந்த 5 வாட், கடல்மேல் சுமார் 300 கிலோமீட்டர் போகும். ஏறாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் கைவலிதான் மிச்சம்.

நீங்கள் கம்பி கட்டிப் பட்டம் விட்டுப் பார்க்காதீர்கள். மின்கம்பியில் பட்டால் உயிர் போய்விடும்.

1944 நவம்பரில் அமெரிக்க பி-29 விமானங்கள் வங்காளத்தின் காரக்பூர்ப் பகுதியிலிருந்து சிங்கப்பூரைத் தாக்கின. வழியில் பெரும்பகுதி கடல். கடலில் விழுந்தவர்களுக்கு இப்படிப்பட்ட பெட்டியே துணை.

கப்பல்கள் 500 கிலோஹெர்ட்ஸைக் கேட்க வேண்டும் என்ற விதி 1999 பிப்ரவரியில் முடிந்தது. இன்றைய அவசரக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளை அழைக்கிறது. பட்டம் வேண்டாம், ஏரியல் கையளவு போதும். ஏன் என்று அதே சூத்திரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை 74 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வந்தால் சரி. அதைக் காலாக்க மறக்காதீர்கள்.